வீமனின் கன்னி நீராட்டு

மீனலோசனி அக்காவின் நாய்க்கு உண்ணி பிடித்தது மார்கழி மாதத்தில். அதை ஒழுங்காகக் குளிப்பாட்ட ஆவணி வரை பொறுத்திருக்க வேண்டி வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நன்மை செய்யத்தான் வந்தார்கள். நன்மை செய்ய வருகிறவர்களிடமிருந்து தப்புவதற்கு எங்கள் குறிச்சியில் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கள் குறிச்சி புங்குடுதீவில் இருக்கிறது. குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கையால் உள்ளே வரவேண்டும். வீடுகள் நிறைய, ஆட்கள் குறைவு. கிணறுகளும் நிறைய, ஆனால் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் ஒரே ஒரு கிணற்றில்தான். மற்றதெல்லாம் உவர். அந்த ஒரு கிணறு மீனலோசனி அக்காவின் வளவுக்குள் இருக்கிறது. வளவு அவருடையது. கிணறு அவருடையதல்ல, பங்குக் கிணறு. பழைய காணி உறுதிப் பத்திரத்தின்படி எட்டுப் பங்கு. ஒரு பங்கு அக்காவுக்கு. மிச்ச ஏழு பங்கும் ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் என்று போய்க் குடியேறிவிட்டன. முப்பது வருடமாக அந்த ஏழு பேரில் ஒருவரும் அதில் ஒரு வாளி அள்ளியதில்லை. எங்கள் ஆட்கள் ஊரை விடுவார்கள், நாட்டை விடுவார்கள், கிணற்றுப் பங்கை மட்டும் விடமாட்டார்கள்.

நாயின் பெயர் வீமன். அடுத்த வீட்டுச் சனம் பிரான்ஸுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன குட்டி. வேலிக்குள்ளால் நுழைந்து வந்து அக்காவின் குசினி வாசலில் படுத்தது, அங்கேயே இருந்துவிட்டது. அக்காவின் புருஷன் இறந்து கனகாலம். வீட்டில் அவர் வாய் திறந்து கதைக்கிற ஒரே ஆள் வீமன்தான். கறிக்கு உப்புக் காணுமோ என்றுகூட அதனிடம்தான் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீமனுக்குக் குளிப்பு. கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு அடைத்து, முதுகில் இருந்து தொடங்கிச் சவர்க்காரம் போடுவார். வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவி, பழைய துவாயால் துடைத்து, பல்லுப்போன சீப்பால் வாரி, அகப்பட்ட உண்ணிகளை மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் போடுவார். வீமன் தன்னைக் கொலை செய்கிறார்கள் என்று ஊருக்கே அறிவிக்கும். ஊரில் கேட்க ஆளில்லாததால் அக்கா அதைப் பொருட்படுத்துவதில்லை.

அந்த மார்கழியில் உண்ணி எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டது. வேலணையில் இருந்து வந்த மிருக வைத்தியர் வீமனைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்.

"இதை ஒரு வாளி தண்ணியில கலந்து கிழமைக்கு ஒருக்கா ஊத்துங்கோ. நல்ல தண்ணி வேணும். உவர்த் தண்ணி, கடல் தண்ணி பட்டா புண் வெடிச்சுப்போம். கிழமை தவறாமச் செய்தா நாய் பிழைச்சிடும் அம்மா."

அக்கா முதலாவது கிழமை ஊற்றினார். அதை நத்தார், புதுவருட விடுமுறைக்குச் சூரிச்சிலிருந்து வந்திருந்த கோபிகா என்ற பிள்ளை மதிலுக்கு மேலால் வீடியோ எடுத்து முகநூலில் போட்டது. அக்கா குனிந்து நின்று ஓட்டை வாளியால் அள்ள, வீமன் கத்த, பின்னால் பனைகள் ஆட, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இரண்டாவது கிழமை வருவதற்குள் எங்கள் குறிச்சியின் உலக மக்கள் ஒன்றியம் சூமில் அவசரக் கூட்டம் கூட்டியது.

கூட்டத்தின் முதல் பாதி "கேக்குதோ?" என்பதிலும் "உங்கட மைக்கை நிப்பாட்டுங்கோ" என்பதிலும் போனது. இரண்டாம் பாதியில் ரொறன்ரோவிலிருந்து தலைவர் ஏரம்பமூர்த்தி உரையாற்றினார்.

"நாங்கள் வெளிக்கிட்டு வந்தபிறகு எங்கட ஊரில ஒரு நாயைக்கூட ஒழுங்காக் குளிப்பாட்ட வசதியில்லை எண்டதை உலகம் முழுக்கப் பாக்குது. மற்றக் குறிச்சிக்காரர் எனக்குப் போன் எடுத்துச் சிரிக்கினம். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லையெண்டா அது அரசாங்கத்தின்ர பிரச்சினை. ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லையெண்டாலும் அரசாங்கத்தின்ர பிரச்சினை. இது எங்கட மானப் பிரச்சினை."

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கை நிப்பாட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு மண்டபம் கட்டுவது என்று முடிவானது. 'நாய் குளிப்பாட்டும் இடம்' என்று பெயர் வைப்பது ஒன்றியத்தின் தரத்துக்குச் சரியில்லை என்று பாரிஸ் கிளை சொன்னதால் 'செல்லப்பிராணிகள் நீராட்டு மண்டபம்' என்று வைத்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் வசீகரன். ஒன்றியத்தின் ஊர்க்கிளைச் செயலாளர். ஊர்க்கிளையின் தலைவரும் பொருளாளரும் வெளிநாடு போய்விட்டதால் ஊர்க்கிளை என்றால் இப்போது அவர் ஒருவர்தான். நல்ல மனிதன். வெய்யிலில் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார்.

"அக்கா, சந்தோசமான விசயம். கிணத்துப் பங்குக்காரர் எட்டில ஏழு பேர் ஓம் எண்டு வாட்ஸப்பில கட்டைவிரல் போட்டிட்டினம்."

"எனக்கு ஒரு வாளி வாங்கித் தந்தாக் காணும் தம்பி. பழையது ஓட்டையாப் போச்சு."

வசீகரன் சிரித்தார். "வாளி குடுத்தா அதில யாரின்ர பேரை எழுதுறது? வாளியில கல்வெட்டுப் பதிக்க ஏலாது அக்கா."

வெளிநாட்டுச் சனத்தின் மனம் நோகக்கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். தவிர, எட்டில் ஏழு. அக்கா "ஓம்" என்றார். அன்றைக்கே கிணற்றடியை அளந்து சுற்றிக் கயிறு கட்டி, மண்டபம் முடியும்வரை அள்ளவேண்டாம் என்றுவிட்டார்கள்.

தை மாதத்தில் அடிக்கல் நாட்டினார்கள். நாய் வைரவருடைய வாகனம் என்பதால் ஐயர் வீமனுக்கும் விபூதி பூசி, செவ்வந்தி மாலை போட்டார். வீமன் மாலையைத் தின்றது. ஐயர் அதை நல்ல சகுனம் என்றார். பிறகு மேசன்மார் வந்தார்கள். கிணற்றைச் சுற்றி மதில் எழும்பியது, கிணற்று வாய்க்குக் கம்பி மூடி வந்தது, மோட்டர் பூட்டினார்கள், வெள்ளை மாபிள் பதித்தார்கள், வாசலில் இரும்புக் கதவு போட்டு ஆமைப்பூட்டு மாட்டினார்கள். மாசி முடிய வேலை முடிந்துவிட்டது. 'தற்காலிக இடைஞ்சலுக்கு வருந்துகிறோம்' என்ற பலகையை அக்காவின் வாசல் படலையில் கட்டினார்கள்.

வேலை முடிந்தால் கதவைத் திறக்கவேண்டியதுதானே என்று அக்கா நினைத்தார். இதுதான் சாதாரண மனிதர்களின் பிழை. கட்டி முடிந்த மண்டபத்தைத் திறப்பு விழா வைக்காமல் திறக்க முடியாது. திறப்பு விழாவுக்குத் தலைவர் வரவேண்டும். தலைவருக்குப் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை ஆவணியில். அதுவரை கிணறும் மண்டபத்துக்குள்தான். குடிக்கவும் சமைக்கவும் அக்கா கிழமைக்கு ஒருமுறை வரும் பவுசர் லொறித் தண்ணீருக்கு இரண்டு சின்னக் கானோடு சந்தியில் நின்றார், அது சமையலுக்கே மட்டுமட்டு. தான் குளிக்க அயல்வீட்டு மேரிறோஸின் கிணற்றுக்குப் போனார். அது உவர். அவருடைய தோலுக்குப் பரவாயில்லை. வீமனின் தோலுக்கு ஏலாது.

பங்குனியில் வீமனின் காதுகளுக்குள் உண்ணி திராட்சை வத்தல் மாதிரித் தொங்கியது. முதுகில் மயிர் கொட்டிப் புண் தெரிந்தது. அக்கா வசீகரனின் வீட்டுக்கே போனார்.

"தம்பி, ஒரு வாளி. ஒரேயொரு வாளி. மருந்தைக் கலந்து ஊத்தினா அது தப்பிப்போம். பிறகு பூட்டிப்போட்டுப் போங்கோ."

வசீகரன் உண்மையாகவே கவலைப்பட்டார். அலுமாரியைத் திறந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். மினுங்கும் தாளில், தங்க நிறத்தில் எழுதியிருந்தது: 'வீமனின் கன்னி நீராட்டு வைபவம். நீராட்டுபவர்: ஒன்றியத் தலைவர்.'

"அடிச்சாச்சு அக்கா. இப்ப நீங்கள் குளிப்பாட்டினா தலைவர் செய்யிறது ரெண்டாவது நீராட்டாப் போம்."

"நான் அதைக் குட்டியில இருந்து குளிப்பாட்டுறன் தம்பி."

"அது நிருவாகத்துக்குத் தெரியாதுதானே." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டு. விழா மலரில முன், பின் எண்டு ரெண்டு படம் வரும். குளிச்ச நாயைத் திருப்பிக் குளிப்பாட்டினா என்ன வித்தியாசம் தெரியும்? உண்ணி இருக்கிறது எங்களுக்கும் நல்லது அக்கா. அது இல்லாட்டி நாங்கள் செய்த சேவை கண்ணுக்குத் தெரியாது."

அக்கா வீட்டுக்கு வந்தார். வீமனிடம் விசயத்தைச் சொன்னார். அது வாலை ஆட்டியது. அதற்கு எந்த விசயத்தையும் அக்கா சொன்னால் நல்ல விசயம்தான்.

சித்திரையில் மண்டபத்தின் நாலு மூலையிலும் கமெரா பூட்டினார்கள். இல்லாத களவைப் பிடிப்பதற்கு. அதன் பிறகு ஏழு பங்குக்காரரும் தங்கள் கிணற்றைத் தொலைபேசியில் பார்க்கத் தொடங்கினார்கள். முப்பது வருடமாக வராதவர்கள் ஒரே நாளில் ஊருக்கு வந்துவிட்டார்கள். அக்கா உடுப்புக் காயப்போட்டாலும், மரத்தடியில் சற்றுக் கண்ணயர்ந்தாலும், பாரிஸில் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 'மீனா மெலிஞ்சு போனா' என்று சூரிச்சிலிருந்து ஒருவர் அனுதாபப்பட்டதாகவும் கேள்வி.

மேரிறோஸுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய புருஷன் கடலுக்குப் போகிறவர், வள்ளத்துக்கென்று நல்ல தண்ணீர் ஒரு கான் எப்போதும் எடுத்துவைப்பார். மேரிறோஸ் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வேலி பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் வந்தார்.

"கண்டறியாத மண்டபம்! நீர் நாயைப் பிடியும் மீனா. நான் ஊத்துறன்."

பொட்டு இருக்கிற மூலை கமெராவுக்குத் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள். மருந்தைக் கலந்து பாதி முதுகுக்கு ஊற்றும்போது அக்காவின் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் ஏரம்பமூர்த்தி கதைக்கிறன். நாய்க்குக் கிட்ட ஒரு கான் தெரியுது. என்ன அது?"

மேரிறோஸ் தொலைபேசியை வாங்கித் தீவுப்பகுதிக் கடற்கரைகளில் மட்டும் வழங்கும் சில சொற்களைச் சொன்னார். தலைவர் அவற்றை அன்றிரவே கூட்டிய கூட்டத்தில் 'எதிர்ப்புச் சக்திகளின் கருத்து' என்று அறிவித்தார்.

அந்தக் கூட்டத்தில் வீமனின் பாதி முதுகு பற்றி மட்டுமே பேசப்பட்டது. சூரிச் கிளை நாயை மாற்றலாம் என்றது. பாரிஸ் கிளை, அழைப்பிதழில் பெயர் போய்விட்டதால் மாற்ற முடியாது என்றது. கடைசியில் தலைவர் சமரசமாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: நாயை நீராட்டுக்கு முந்திய நிலைக்கு மீளக் கொண்டுவருவது.

அடுத்த நாள் வசீகரன் ஒரு பையில் அடுப்புச் சாம்பலும் கரியும் கொண்டுவந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வீமனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. எனக்கும் விருப்பமில்லை. ஆனா நான் செயலாளர்."

கழுவின பாதி முதுகில் அவர் பூசினார். வீமன் திரும்பி அவருடைய கையை நக்கியது. அக்கா குசினிக்குள் போய், அடுப்புப் புகையைச் சாட்டாக வைத்து அழுதார்.

ஆனியில் வீமன் சோறு தின்பதை நிறுத்தியது. வைத்தியர் வந்து ஊசி போட்டார். ஏன் குளிப்பாட்டவில்லை என்று கேட்டார். அக்கா கதையை முழுக்கச் சொன்னார். வைத்தியர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மண்டபத்தைப் பார்த்தார், கமெராவைப் பார்த்தார்.

"என்னையும் விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வரச்சொல்லிக் கேட்டிருக்கினம்" என்றார். "நான் என்னத்தைச் சொல்லுறது அம்மா. ஆவணி வரைக்கும் பாருங்கோ. அதுக்கு மேல தாங்காது."

அதன் பிறகு அக்கா நாட்களைத் தள்ளினார். வீமனைச் சாக்கில் படுக்கவைத்து, ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்தான் ராசா, வந்திடுவினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதை எங்கள் குறிச்சியில் அந்த வருடம் அப்படி ஏங்கிக் காத்திருந்த வேறு ஆள் இல்லை.

ஆவணி வந்தது. தலைவரும் வந்தார். அக்காவின் வளவில் பந்தல் போட்டு, படலையில் வாழை கட்டி, நந்திக்கொடி தொங்கவிட்டார்கள். அக்கா விடிய எழும்பி நல்ல சீலை உடுத்தார். வீமனைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்து பந்தல் ஓரத்தில் கிடத்தினார். மருந்துப் போத்தலைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார்.

மங்கல விளக்கேற்றல், மௌன வணக்கம், தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று விழா ஒழுங்காக நடந்தது. மிருக வைத்தியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் வீமன் இருந்த பக்கம் பார்க்காமல், இது தீவகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். மதியம் ஆனபோது தலைவர் எழும்பினார். பக்கத்தில் நின்றவரிடமிருந்து போத்தல் தண்ணீர் வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"நான் இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தனான். இப்ப எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆனா அந்த நன்றியை நான் மறக்கேல்லை. இந்தக் கிணறு இவ்வளவு காலமும் சும்மா கிடந்தது. ஆரோ ஒராள் ரெண்டு பேர் அள்ளினதோட சரி. இண்டைக்குப் பாருங்கோ, கதவு, பூட்டு, கமெரா! ஒருத்தரும் கிட்ட வர ஏலாது. இதுதான் அபிவிருத்தி!"

கைதட்டல் வானைப் பிளந்தது. இந்தத் தடவை சத்தம் வந்தது.

தலைவர் நாடாவை வெட்டினார். கதவு திறந்தது. கமெராக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். அக்கா வீமனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தலைவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"இதுதானே அந்த நாய்?"

"ஓம் அண்ணை. வீமன்."

"வசீகரன், இதைத் தொட ஏலாது. எனக்கு அலர்ஜி. நோய் பிடிச்ச நாயை வச்சுப் படம் எடுத்தா ரொறன்ரோவில என்ன நினைப்பினம்? ஏன் ஒருத்தரும் இதைப் பாக்கேல்லை? ஒரு வாயில்லாச் சீவனை இப்பிடியே வச்சிருக்கிறது?"

கடைசிக் கேள்வி அக்காவைப் பார்த்துக் கேட்கப்பட்டது. சனம் எல்லாம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு மார்கழியில் இருந்து தொடங்குவதா, தையில் இருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை.

ஆனால் வசீகரன் தூரநோக்குள்ள செயலாளர். இப்படி ஏதும் நடக்கும் என்று நினைத்து, யாழ்ப்பாணத்தில் ஒரு சிநேகிதர் வீட்டிலிருந்து இன்னொரு நாயைக் காரில் கொண்டுவந்து வைத்திருந்தார். வெள்ளை, சுருள் மயிர், கழுத்தில் சிவப்பு நாடா. காலையில்தான் குளித்துப் பவுடர் போட்டு வந்திருந்தது. பெயர் பேபி.

முதலில் வீமனைத் திரும்பச் சாக்கில் கிடத்திப் படம் எடுத்தார்கள். அது 'முன்'. பிறகு பேபியை மாபிளில் நிறுத்தி மோட்டரைப் போட்டார்கள். வெள்ளிச் செம்பால் தலைவர் ஊற்ற, ஐயர் மந்திரம் சொல்ல, நாதஸ்வரம் முழங்க, வாளி வாளியாக நல்ல தண்ணீர் அந்தச் சுத்தமான நாயின் மேல் போனது. அது 'பின்'. பழுப்பு நிற நாய் எப்படி வெள்ளையானது என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள்.

நன்றியுரை முடிந்தது. வசீகரன் கதவைப் பூட்டினார். இனிப் பராமரிப்புக் குழு தெரிவாகும் வரை திறக்கக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அக்கா தலைவரின் காரடிக்கு ஓடினார்.

"அண்ணை, ஒரு வாளி தரச்சொல்லுங்கோ. மருந்து கையில கிடக்கு."

"தங்கச்சி, எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. நானே தலைவர், நானே ஒழுங்கை மீறினா நல்லதே? நயினாதீவுக்குப் போற படகுக்கு நேரமாச்சு. அம்மனிட்டை உங்கட நாய்க்கும் சேர்த்துக் கும்பிடுறன்."

கார் போனது. சனம் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றது. அப்போதுதான் அக்கா கண்டார்: பேபி குளித்த தண்ணீர் மண்டபத்தின் பின்பக்கத் துவாரத்தால் வந்து, வாழைக்குப் போகும் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையோடு, பன்னீர் மணத்தோடு, நல்ல தண்ணீர்.

அக்கா ஓட்டை வாளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வசீகரன் குறுக்கே வந்தார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உறுதியில கிணறு, வழி, வாய்க்கால் எண்டுதான் கிடக்கு. வாய்க்காலும் பங்குதான். ஏழு பேரும் கமெராவில பாத்துக்கொண்டிருப்பினம். ஒரு நிமிசம், நான் கேட்டுச் சொல்லுறன்."

அவர் தொலைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அக்கா வாளியோடு நின்றார். எட்டு மாதமாக நின்று பழகிய நிலை.

வீமன் நிற்கவில்லை. சாக்கிலிருந்து எழும்பி, நாலு காலும் நடுங்க, யாரையும் கேட்காமல் நடந்து போய் வாய்க்காலுக்குள் படுத்தது. அக்கா வாளியைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் சேற்றில் இருந்தார். நல்ல சீலை நனைந்தது. சீலைத் தலைப்பை அவிழ்த்து மருந்துப் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகுப் புண்ணில் பூசினார். விரலிடுக்கால் பாதி மருந்து மண்ணுக்குப் போனது. வீமன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"அக்கா!" வசீகரன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குரலில் மெய்யான மகிழ்ச்சி. "மூண்டு பேர் ஓம் எண்டிட்டினம். மற்ற நாலு பேரும் சொல்லுமட்டும் நாயைக் கொஞ்சம் வெளியில எடுங்கோ."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறுங்கையால் வாய்க்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். தண்ணீரை மணல் குடித்து முடித்திருந்தது.